ஒன்பதாம் பக்கத்துக் கவலை

இரண்டு வருடத்துக்கு முந்திய மார்கழியில், ஒரு சனிக்கிழமை காலை, ஸ்காபரோவிலுள்ள ஐஸ் அரங்கு ஒன்றில் பார்வையாளர் வாங்கில் இருந்த இக்னேசியஸை முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் எழும்பி நிற்கச் சொன்னார். இக்னேசியஸ் எழும்பி நின்றார். ஏன் எதற்கு என்று கேட்காமல் எழும்பி நிற்பது மன்னார்ச் சோதனைச் சாவடிகளில் பழகியது. கனடாவுக்கு வந்து இருபத்தெட்டு வருடமாகியும் முழங்கால் அதை மறக்கவில்லை.

வெள்ளைக்காரர் அவரை உச்சியிலிருந்து சப்பாத்து வரை பார்த்தார். சின்னக் கொப்பி ஒன்றில் ஏதோ எழுதினார். பிறகு, "உங்கள் மனைவியின் சகோதரர்கள் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார்.

மனைவியின் சகோதரர் ஒருவர் பாரிசில், மற்றவர் நோர்வேயில். இரண்டு பேரையும் காட்டிக்கொடுக்க இக்னேசியஸ் தயாராக இல்லை. "அளந்து பார்க்கவில்லை, ஐயா" என்றார். வெள்ளைக்காரர் அதையும் எழுதினார்.

அவருடைய பெயர் டக். தொழில் ஸ்கௌற். ஐஸ் ஹொக்கியின் பெரிய லீக்கிலுள்ள கிளப்புகள் வருடத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று, பதினெட்டு வயதுப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தெரிவுசெய்யும். அதற்குப் பெயர் டிராஃப்ற். உலகம் முழுவதற்கும் இருநூற்றுச் சொச்ச இடம். எந்தப் பிள்ளையை எடுக்கலாம் என்று முன்கூட்டியே பார்த்துவரக் கிளப் அனுப்புகிற ஆள்தான் ஸ்கௌற். எங்கள் ஆட்களுக்கு விளங்கச் சொன்னால், பொம்பிளை பார்க்க வருகிறவரின் கண்ணும் வருமானவரிக்காரரின் கொப்பியும் உள்ளவர். கிளப்பின் பெயரை நான் சொல்லமாட்டேன். வக்கீல் கடிதங்களுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

டக் பார்க்க வந்தது இக்னேசியஸின் மகன் றொய்சனை. குடும்பத்தின் உயரத்தைக் கேட்டது, பிள்ளை இன்னும் எவ்வளவு வளர்வான் என்று கணக்குப் பார்க்க. டோர்செட் பார்க்கில் நான் இருக்கிற அதே கட்டடத்தில், எட்டாம் மாடியில் பிறந்து வளர்ந்தவன். வயது பதினேழு. தடுப்பாட்டக்காரன், அதாவது கோல் அடிப்பது அவன் வேலையல்ல, மற்றவன் அடிக்காமல் பார்ப்பது. ஐந்து வயதில் வகுப்புச் சிநேகிதன் ஒருவனின் பழைய ஸ்கேற்றோடு ஐஸில் இறங்கினான். அன்றிலிருந்து அவன் ஆசைப்பட்டது ஒன்றுதான். நத்தார்ப் பண்டிகைக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டால், "ஒண்டும் வேண்டாம், டிராஃப்றில என்னை எடுத்தால் காணும்" என்பான்.

இக்னேசியஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பன்னிரண்டு வருடமாக மகனை ஏற்றி இறக்கியதில் ரொறன்ரோவின் எல்லா ஐஸ் அரங்குகளிலும் எந்தக் கோப்பி மெஷின் காசை விழுங்கும் என்று அவருக்குத் தெரியும். விளையாட்டு மட்டும் விளங்கவில்லை. எல்லாரையும் போல அந்தக் கறுப்பு றப்பர் வட்டையே பார்ப்பார். அரை நிமிடத்தில் அதைத் தொலைத்துவிடுவார். ஆட்டம் முடிந்து தன் வான் வண்டியில் ஏறியதும், "எப்பிடி?" என்று கேட்பார். றொய்சன் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வான்.

"ஒண்டும் நடக்கேல்லை, அப்பா."

அதைக் கேட்டு இக்னேசியஸ் மனம் வாடிப்போவார். ஒரு நாளைக்காவது ஏதாவது நடக்கட்டும் என்று மடு மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்ததும் உண்டு.

டக் வந்துபோன அடுத்த கிழமை, ஏழாம் மாடி வேரோனிக்கா அக்கா மூச்சிரைக்க ஏறி வந்தார். லிஃப்ற் வேலை செய்தது. ஆனால் லிஃப்றில் கமெரா இருக்கிறது.

"தம்பி, கீழ லொபியில ஒருத்தன் நிண்டு உங்களைப் பற்றி விசாரிக்கிறான். பொடியன் எப்பிடி, தாய் தேப்பன் எப்பிடி, சண்டை சச்சரவு ஏதும் கேக்கிறதோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னியள், அக்கா?"

"நான் என்ன விசரியே? உந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியவே தெரியாது எண்டு சொல்லிப்போட்டன்."

இக்னேசியஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடமாகப் பக்கத்தில் இருந்து, இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் ஒரு சாவீட்டுக்கும் சமைத்துத் தந்தவர், அந்நியனைக் கண்டதும் தெரியாது என்று சொல்லிக் காப்பாற்றியிருக்கிறார். அதைவிடப் பெரிய உறவு வேறு என்ன?

டக் தன் அறிக்கையில் இப்படி எழுதினார்: "அயலவர்கள் இப்படி ஒரு பிள்ளை இருப்பதையே அறியவில்லை. பழகும் தன்மை கேள்விக்குரியது." இந்த அறிக்கையைப் பிறகு இக்னேசியஸ் தன் கண்ணாலேயே வாசித்தார். எப்படி என்பதை முறையாகச் சொல்கிறேன்.

தை மாதம் கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வீட்டுக்கு வருகிறார்களாம். குடும்பத்தினர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்திப்பார்களாம்.

தனித்தனியாக என்ற சொல்லை வாசித்ததும் இக்னேசியஸின் முகம் கறுத்தது. அவருடைய மச்சான் யேசுரட்ணமும் மனைவியும் தொண்ணூற்று மூன்றில் அகதி விசாரணைக்குப் போனார்கள். தனித்தனியாகத்தான் கேட்டார்கள். படகு செவ்வாய்க்கிழமை வெளிக்கிட்டது என்றார் மச்சான். புதன்கிழமை என்றார் மனைவி. அந்த ஒரு நாளைக்காக ஏழு வருடம் வக்கீல் வாசலில் நின்றார்கள். இக்னேசியஸின் வீட்டில் வேதாகமத்துக்கு அடுத்தபடியான சட்டம் அது: யார் கேட்டாலும் எல்லோரும் ஒன்றையே சொல்லவேண்டும்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் பாடம் தொடங்கியது.

"றொய்சன் காலமை அஞ்சரைக்கு எழும்புவான். பால் குடிப்பான். செபம் சொல்லுவான். ஒருத்தரோடையும் கோவிக்கமாட்டான். இவ்வளவுதான். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றார் இக்னேசியஸ்.

"அப்பா, இது இமிகிரேஷன் இல்லை. ஹொக்கி" என்றாள் மகள் ஸ்டெபனி. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிப்பதால் அவளுக்கு உலகத்தில் பயமில்லை.

"கேள்வி கேட்டு எழுதிறவன் எல்லாம் ஒண்டுதான், பிள்ளை. நீ சொல்லு பாப்பம்."

அவள் சொன்னாள். தாய் அன்ரனெற் சொன்னார். றொய்சனும் சொன்னான்.

டக்கும், குணநல மதிப்பீட்டாளர் என்ற ஒரு அம்மையாரும் வந்தார்கள். அம்மையார் படுக்கையறையில் கதிரை போட்டு இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலில் அன்ரனெற்: றொய்சன் காலை ஐந்தரைக்கு எழும்புவான், பால் குடிப்பான், செபம் சொல்லுவான், ஒருவரோடும் கோவிக்கமாட்டான். அடுத்து ஸ்டெபனி: அதே ஐந்தரை, அதே பால். அடுத்து இக்னேசியஸ். கடைசியாக றொய்சன். பையனுக்குப் பதற்றம். பாடமாக்கியதை அப்படியே ஒப்புவித்துவிட்டான்.

"றொய்சன் காலை ஐந்தரைக்கு எழும்புவான். பால் குடிப்பான்."

அம்மையார் பேனையை மூடினார். "நீதானே றொய்சன்?" என்று கேட்டார்.

"ஓம்" என்றான் றொய்சன், சிறிது யோசித்துவிட்டு.

அந்த நேரம் பார்த்து, வேரோனிக்கா அக்கா மட்டன் ரோல்ஸ் தட்டோடு உள்ளே வந்தார். லொபியில் பிழை விட்டுவிட்டோமோ என்று ஒரு மாதமாக அவருக்கு மனவருத்தம். தட்டை வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "றொய்சன் காலை ஐந்தரைக்கு எழும்புவான். யாரோடும் கோபமில்லை" என்றார்.

டக் அவரை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியாது என்று சொன்னீர்களே?"

"இப்பவும் தெரியாது" என்றார் வேரோனிக்கா அக்கா. ரோல்ஸை மேசையில் பரப்பிவிட்டுப் போய்விட்டார்.

அம்மையார் ஆறு ரோல்ஸ் சாப்பிட்டார். றொய்சன் மூன்று சாப்பிட்டான். "உணவுக் கட்டுப்பாடு: ஐயத்துக்குரியது" என்று அவனைப் பற்றி எழுதினார்.

மதிப்பீட்டுப் படிவம் பதினான்கு பக்கம். விளையாட்டுக்கு அதில் ஒன்றரைப் பக்கம். ஐந்தாம் பக்கத்தில், இந்தப் பிள்ளை முன்பு வந்த எந்த ஆட்டக்காரனைப் போன்றவன் என்று எழுதவேண்டும். தமிழ்ப் பிள்ளை ஒருவனையும் கிளப்புக்கு முன்பின் தெரியாது. கணினியில் தேடிக் கிடைத்த மிகக் கிட்டிய உதாரணத்தை டக் எழுதினார்: மிசிசாகாவில் ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டியில் வென்ற பன்னிரண்டு வயதுத் தமிழ்ச் சிறுமி.

ஒன்பதாம் பக்கம்தான் முக்கியமானது. அதில் 'கவலைகள்' என்று ஒரு கட்டம். பிள்ளையிடம் உள்ள குறையை அதில் எழுதவேண்டும். கட்டம் வெறுமையாக இருந்தால் கணினி சிவப்பாகும். பத்தாம் பக்கத்துக்குப் போகவிடாது. டக் ஏழு ஆட்டம் பார்த்தார். றொய்சன் அடிபிடிக்குப் போகவில்லை, பெனால்ற்றி வாங்கவில்லை, தடியை உடைக்கவில்லை, நடுவரைத் திட்டவில்லை. டக் மூன்று நாள் யோசித்துவிட்டு, "கவலைகள் எதுவும் இல்லாதிருப்பது" என்று எழுதினார். கணினி பச்சையாகியது. தலைமையகம் அதை வாசித்து, ஓரத்தில் ஒரு வரி சேர்த்தது: "கவலை மறைக்கப்படுகிறது. ஆபத்து: உயர்."

சித்திரையில் நகர மையத்து ஹோட்டல் ஒன்றில் நேர்முகம். நீண்ட மேசைக்குப் பின்னால் பதினொரு பேர். நடுவில் ஆட்தெரிவுப் பணிப்பாளர் விட்மோர். பெற்றோரில் ஒருவர் மூலையில் இருக்கலாம், பேசக்கூடாது. இக்னேசியஸ் திருமணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு மூலையில் இருந்தார்.

"நீ ஒரு சமையலறைப் பொருளாக இருந்தால் எந்தப் பொருளாக இருப்பாய்?" என்று விட்மோர் கேட்டார்.

"மூடி" என்றான் றொய்சன். "கொதிக்கிறது வெளியில வராமல் பாக்கிறது."

தடுப்பாட்டக்காரன் ஒருவன் இதைவிட நல்ல பதில் சொல்லமுடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. பதினொரு பேரும் குனிந்து, 'மூடி - மறைக்கும் இயல்பு' என்று எழுதினார்கள்.

"உன்னிடமுள்ள குறை ஒன்றைச் சொல்."

"இடது பக்கம் திரும்பேக்கை கொஞ்சம் ஸ்லோ. காலமையில பிராக்டிஸ் பண்ணிறன்."

"அது விளையாட்டிலுள்ள குறை," என்றார் விட்மோர். "விளையாட்டைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை."

பிறகு அவர் பேசினார். ஆங்கிலத்தில்தான் பேசினார், இக்னேசியஸ் சொல்லக் கேட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

"தம்பி, இந்தக் கிளப் நாற்பது வருடமாகப் பிள்ளைகளைத் தெரிவுசெய்கிறது. எங்கள் முறை ஒரு தடவையும் பிழையாகியதில்லை. நாங்கள் தெரிவுசெய்த பிள்ளைகள்தான் பிழையாகிப்போனார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் கவலையும் எங்கள் கோப்பில் முன்பே இருந்தது. ஒருவன் குடித்தான், எழுதி வைத்திருந்தோம். ஒருவன் ஓடிப்போனான், அதையும் எழுதி வைத்திருந்தோம். முன்கூட்டியே தெரிந்துகொண்டு தோற்பதற்குப் பெயர்தான் அறிவியல். உன்னை எடுத்து நீ வென்றுவிட்டால், ஏன் வென்றாய் என்று எங்களால் யாருக்கும் விளக்கமுடியாது. அந்த ஆபத்தை நாங்கள் எப்படி ஏற்பது?"

பத்துப் பேர் தலையசைத்தார்கள். விட்மோர் மூலைப் பக்கம் திரும்பினார். "தகப்பனாரே, உங்கள் மகனைப் பற்றி எங்களுக்குச் சொல்லாதது என்ன?"

இக்னேசியஸ் எழும்பி நின்றார். "அதை ஏன் கேக்கிறீங்கள்?" என்றார். "கேட்டு ஆருக்குச் சொல்லப் போறீங்கள்? எழுதின பேப்பரின்ரை கொப்பி எனக்குத் தருவீங்களோ? அந்த மேசைக் கரையில இருக்கிறவர் ஏன் ஒண்டும் எழுதாமல் என்னையே பாக்கிறார்?"

அதுவரை அந்த மேசையைப் பார்த்து யாரும் கேள்வி கேட்டதில்லை. பதினொரு பேனையும் நின்றன. மேசைக் கரையில் இருந்தவர் அவசரமாக எதையோ எழுதத் தொடங்கினார்.

ஆனி மாதம் டிராஃப்ற். இரண்டு நாள் தொலைக்காட்சியில் போனது. எட்டாம் மாடியில் சோபாவில் நான்கு பேரும் வேரோனிக்கா அக்காவும் நானும். ஒவ்வொரு பெயராக வந்தது. றொய்சன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தான். நம் கிளப் கடைசிச் சுற்றில் ஒருவனை எடுத்தது. தன் பயிற்றுநரின் காரை ஆற்றுக்குள் தள்ளிவிட்டவன். கவலைகள் மூன்று, மூன்றும் உறுதிப்படுத்தப்பட்டவை.

இருநூற்றுச் சொச்சப் பெயரும் முடிந்தது. றொய்சன் தொலைக்காட்சியை நிறுத்தினான். தடியையும் ரெனிஸ் பந்தையும் எடுத்துக்கொண்டு கீழே வாகனத் தரிப்பிடத்துக்குப் போய்விட்டான். சுவரில் பந்து அடிபடுகிற சத்தம் எட்டாம் மாடிக்குக் கேட்டது. அன்ரனெற் ஏங்கி ஏங்கி அழுதார். இக்னேசியஸ் அழவில்லை. ஜன்னலடியில் நின்று, தான் எந்த இடத்தில் கிழமை மாற்றிச் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆடியில் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. றொய்சனுக்கல்ல. இக்னேசியஸுக்கு.

"எங்கள் நேர்முகத்தில் இவ்வருடம் கலந்துகொண்ட அனைவரிலும் அதிக கவனமும் குறைந்த நம்பிக்கையும் காட்டியவர் நீங்கள். ஸ்காபரோப் பகுதிக்கு ஒரு பகுதிநேர ஸ்கௌற் தேவை" என்று விட்மோர் எழுதியிருந்தார். ஏழு மாதம் மகனை மதிப்பிட்டு, தகப்பனைத் தெரிவுசெய்திருக்கிறார்கள்.

"உதுக்குப் போகாதேங்கோ," என்றார் அன்ரனெற். "பிள்ளையை வேண்டாமெண்டவங்கள்."

"இன்னொரு வருசமும் அவன்ரை பேர் லிஸ்றில இருக்கும். உள்ளுக்குப் போனால்தான் கோப்பிலை என்ன கிடக்குதெண்டு பாக்கலாம்" என்றார் இக்னேசியஸ்.

போனார். கோப்பைப் பார்த்தார். கிளப் எழுதியதாக மேலே நான் சொன்னதெல்லாம் அதிலிருந்ததுதான். எழுத்துக்கூட்டல் சிறுமியையும், வாங்கிலிருந்து எழுப்பிக் குறித்த தன் உயரத்தையும் பற்றி வாசித்தபோது சிரித்தார். "நான்கு வாய், ஒரு வாக்கியம், குடும்பம் பயிற்றப்பட்டுள்ளது" என்ற வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. மகனுக்குக் கவசம் என்று நினைத்துத் தான் கட்டிய சுவர், மகனுக்கு முன்னாலேயே நின்றிருக்கிறது.

"என் மகனை நானே மதிப்பிடலாமா?" என்று விட்மோரிடம் கேட்டார்.

"நிச்சயமாக. அதற்கு ஒரு படிவம் இருக்கிறது" என்றார் விட்மோர். படிவத்தில் ஒரே கேள்வி: இந்த உறவு உங்கள் நடுநிலையைப் பாதிக்குமா? இக்னேசியஸ் 'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டார். பாதிக்காது என்பது அத்துடன் உறுதியாகிவிட்டது.

ஸ்கௌற்மாருக்கு ஒரு கைநூல் கொடுத்தார்கள். நூற்றுப் பத்துப் பக்கம். அதில் முதல் பக்கத்து முதல் வரி: "வட்டைப் பார்க்காதே. பிள்ளையைப் பார்." அதை எழுதியவர் கிளப்பைவிட்டுப் போய் முப்பது வருடம் என்றார் டக். மிச்ச நூற்றொன்பது பக்கமும் அவருக்குப் பிறகு வந்தவர்கள் எழுதியவை.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, அதே அரங்கு, அதே வாங்கு. இக்னேசியஸ் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக வட்டை விட்டுவிட்டு மகனைப் பார்த்தார்.

எதிரணிப் பையன் ஒருவன் வேகமாக வந்தான். றொய்சன் அவனை நோக்கி ஓடவில்லை. இரண்டு அடி பின்னுக்கு வழுக்கி, ஒரு இடத்தில் நின்றான், அவ்வளவுதான். வந்தவனுக்குப் போக வழியில்லை. திரும்பிப் போய்விட்டான். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தவன் வந்தான். றொய்சன் அரை அடி வலதுபக்கம் சாய்ந்தான். அவனும் திரும்பினான். ஒன்றும் நடக்கவில்லை. இக்னேசியஸ் கொப்பியில் ஒரு கோடு போட்டார். பிறகு இன்னொரு கோடு. ஆட்டம் முடியும்போது இருபத்திரண்டு கோடு. மற்றப் பக்கத்தால் இரண்டு கோல் விழுந்தது. றொய்சன் நின்ற பக்கத்தால் யாரும் வரவே இல்லை.

பன்னிரண்டு வருடமாகப் பிள்ளை வானில் ஏறி உட்கார்ந்து, தான் எவ்வளவு நன்றாக விளையாடினேன் என்று சொல்லியிருக்கிறான். தகப்பன் அதற்கு மனம் வாடியிருக்கிறார். இக்னேசியஸுக்குப் பெருமை தாங்கமுடியவில்லை, வெட்கமும் தாங்கமுடியவில்லை. கோப்பி வாங்கப் போகிற சாட்டில் மலசலகூடத்துக்குள் போய் நின்று அழுதார். போன ஆனியில் அழாததையும் சேர்த்து அழுதார்.

படிவத்தை நிரப்பினார். எட்டுப் பக்கமும் வழுக்கிக்கொண்டு போனது. ஒன்பதாம் பக்கத்தில் 'இல்லை' என்று எழுதினார். கணினி சிவப்பாகியது. 'ஒன்றுமில்லை' என்று எழுதினார். சிவப்பு. 'கடவுள் துணை' என்று எழுதிப் பார்த்தார். சிவப்பு.

விட்மோரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"ஏதாவது ஒரு கவலை எழுதுங்கள்," என்றார் விட்மோர். "உறுதிப்படுத்தக்கூடியதாக இருக்கவேண்டும். நீக்கக்கூடியதாகவும் இருந்தால் மிக விசேஷம். ஒரு கவலையை நாங்களே கண்டுபிடித்து நாங்களே நீக்கினோம் என்றால் எங்கள் பிரிவுக்கு நல்ல பெயர். இப்படி ஒரு கவலை இருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள் மகனை இந்த ஆனியிலேயே எடுப்போம்."

இக்னேசியஸ் திரும்பக் கணினிக்கு முன்னால் வந்து இருந்தார். கோபக்காரன் என்று எழுதலாம். சோம்பேறி என்று எழுதலாம். இரண்டு விரலால் தட்டிவிட்டால் முடிந்தது. ஆனால் வீட்டுப் பிள்ளையின் குறையை வெளியாருக்குச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. இல்லாத குறையை எழுதுவதற்குக் கை ஒரேயடியாக மறுத்தது. கடைசியில் எழுதினார்:

"தகப்பன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேள்வி கேட்பார். வீட்டாரைப் பாடமாக்க வைப்பார். பன்னிரண்டு வருடம் மகனின் விளையாட்டைப் பார்க்காமல் வட்டைப் பார்த்தவர்."

கணினி பச்சையாகியது. உறுதிப்படுத்துவதற்குக் கோப்பிலேயே போதிய சான்று இருந்தது.

அந்த ஆனியில் ஆறாவது சுற்றில் பெயர் வந்தது. திரையில் மகனுடைய பெயரும் அதற்குப் பின்னால் தகப்பனுடைய பெயருமாக, றொய்சன் இக்னேசியஸ் என்று. வேரோனிக்கா அக்கா ரோல்ஸ் தட்டைக் கைநழுவ விட்டார். றொய்சன் தகப்பனைக் கட்டிப்பிடித்து, பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஐஸுக்கு வெளியே வியர்த்துப்போய் நின்றான்.

மூன்றாம் நாள் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று றொய்சனுக்கு, வாழ்த்து. மற்றது இக்னேசியஸுக்கு. தலைப்பு: 'கவலை நீக்கல்'. அவருடைய வேலை முடிந்தது. அத்துடன், றொய்சன் விளையாடுகிற அல்லது பயிற்சி எடுக்கிற எந்த அரங்கின் வாசலிலிருந்தும் நூறு மீற்றருக்குள் அவர் வரக்கூடாது. பிள்ளையின் ஒப்பந்தம் அதைப் பொறுத்தது. கீழே விட்மோர் கையால் எழுதியிருந்தார்: "சிறந்த மதிப்பீடு. இப்படித் துல்லியமான ஒரு கவலையை நாற்பது வருடத்தில் நான் கண்டதில்லை."

றொய்சன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான். "நான் போகேல்லை, அப்பா. ஐ டோன்ற் வோண்ட் இற்."

"பேய்க்கதை கதையாதை," என்றார் இக்னேசியஸ். "அஞ்சு வயசில இருந்து கேட்டது. பேனையை எடு."

றொய்சன் கையெழுத்து வைத்தான். இக்னேசியஸ் கடதாசியைப் பிடித்துக்கொண்டார்.

இந்த வருடம் அவன் பழைய அணியோடு இங்கேயே விளையாடுகிறான். வருகிற வருடம் கிளப்புக்குப் போவான். புரட்டாதியில் கிளப்பிலிருந்து ஒருவர் வந்து, கவலை உண்மையிலேயே நீங்கிவிட்டதா என்று லொபியில் நின்று விசாரித்தார். இக்னேசியஸ் என்பவர் சனிக்கிழமைகளில் எங்கே போகிறார் என்று வேரோனிக்கா அக்காவிடம் கேட்டார்.

"எனக்கு உந்தாளைத் தெரியவே தெரியாது" என்றார் அக்கா. கிளப் வரலாற்றில் முதல் தடவையாக ஒரு சாட்சி மூன்று முறையும் ஒரே பதில் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமைகளில் இக்னேசியஸ் அரங்குக்கு எதிரே, வீதிக்கு அந்தப் பக்கம் இருக்கிற டோனற் கடையின் வாகனத் தரிப்பிடத்தில் வானை நிறுத்துவார். ஸ்டெபனி தொலைபேசியில் அளந்து பார்த்தாள்: நூற்று நான்கு மீற்றர். அங்கிருந்து பார்த்தால் அரங்கின் சுவர் தெரியும், வேறொன்றும் தெரியாது. மூன்று மணிநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். விளையாட்டு இப்போதுதான் அவருக்கு விளங்கத் தொடங்கியிருந்தது.

போன கிழமை நானும் கூடப் போயிருந்தேன். பனி தூறிக்கொண்டிருந்தது. றொய்சன் பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீதியைக் கடந்து வந்தான். கதவைத் திறந்ததும் குளிரும் ஈரக் கையுறை மணமும் உள்ளே வந்தன.

"எப்பிடி?" என்றார் இக்னேசியஸ்.

"ஒண்டும் நடக்கேல்லை, அப்பா."

இக்னேசியஸ் உள்விளக்கைப் போட்டார். சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னக் கொப்பியையும் பேனையையும் எடுத்தார்.

"எத்தினை தரம்?" என்று கேட்டார்.

றொய்சன் பையைப் பின்னால் தள்ளிவிட்டு முன் சீற்றில் ஏறினான். கையுறையைக் கழற்றி, ஆட்டத்தின் முதல் பகுதியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். இக்னேசியஸ் கோடு போடத் தொடங்கினார்.